பெரிய மாடல் ராக்கெட்: கிட்டைப் பிரிப்பது முதல் வானில் ஏற்றுவது வரை

சின்ன ராக்கெட் ஒன்றிரண்டு கட்டிப் பழகியவர்கள்தான் பெரும்பாலும் பெரிய கிட்டை வாங்குகிறார்கள். அந்தப் பழக்கமே முதல் இடைஞ்சல். சின்னதில் பசை கொஞ்சம் கூடிப்போனால் ஒன்றும் ஆகாது. பெரியதில் வால்பக்கம் கூடும் எடை ராக்கெட்டின் சமநிலையையே மாற்றிவிடும். அதனால் டிஜிட்டல் தராசையும் ஒரு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். பசை, பெயின்ட், ஸ்டிக்கர் என்று எது ஏறினாலும் எடை போட்டு எழுதுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 66 மி.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாய், சுமார் 1.1 மீட்டர் உயரம், 29 மி.மீ. மோட்டார் மவுன்ட் (எரிமருந்து அடைத்த மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் உள்குழாய்), மூன்று அல்லது நான்கு ஃபின் (வாலில் நிற்கும் இறக்கை) கொண்ட கிட். கட்டி முடித்தால் காலி எடை 500 கிராம் பக்கத்தில் வரும். மோட்டாரோடு 600 முதல் 700 கிராம். உங்கள் கிட்டின் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

எடைக் கணக்கு ஏன் என்று ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாம். 600 கிராம் ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 45 செ.மீ. பின்னால் இருக்கிறது. அங்கே 20 கிராம் பசை கூடுதலாகப் போய்விட்டால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 1.5 செ.மீ. பின்னுக்கு நகரும். அதைச் சரிக்கட்ட 50 செ.மீ. முன்னால், மூக்கில், 18 கிராம் வைக்க வேண்டும். 20 கிராம் கவனக்குறைவு 38 கிராம் ஆகிவிடுகிறது.

கிட் வாங்கும் முன்: மோட்டார் விஷயம்

கிட்டுக்குள் மோட்டார் வராது. அட்டை, மரம், பிளாஸ்டிக், துணி இவ்வளவுதான் வரும். இவற்றை வாங்கவோ கட்டவோ உரிமம் தேவையில்லை. மோட்டாருக்குள் இருப்பது எரிமருந்து. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், அவற்றை நிர்வகிக்கும் பெசோ என்ற மத்திய அமைப்பு எல்லாம் இங்கே வந்துவிடும். கூரியரில் வரவழைப்பது, ரயிலிலோ விமானத்திலோ எடுத்துவருவது இரண்டுமே கூடாது. முறையான அனுமதியோடு ராக்கெட் ஏவும் கல்லூரிக் குழுக்களோடு சேர்ந்து, அவர்கள் களத்தில், அவர்கள் மோட்டாரில் ஏற்றுவதுதான் நேர்வழி. எந்தக் குழு, எந்த மோட்டார் என்று தெரிந்த பிறகே கிட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து மோட்டார் செய்வது பற்றி, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தாருக்கான இந்த வழிகாட்டியில் ஒரு வரியும் இருக்காது. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்ததையும், அதே ஆண்டு அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் நடந்த விபத்தில் தருமபுரி மாவட்டத்துப் பையன்கள் செத்ததையும் பார்த்த ஊர் இது. காரணத்தை விளக்கத் தேவையில்லை.

மோட்டார் மேல் இருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் எழுத்து மொத்த உந்தம்: டி என்றால் 10–20 நியூட்டன்-வினாடி, இ 20–40, எஃப் 40–80, ஜி 80–160. ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பு. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடித்தபின் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்க ஆகும் வினாடிகள்.

உந்துவிசை ராக்கெட் எடையைப் போல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. 700 கிராமுக்கு அது 34 நியூட்டன். எங்கள் கணக்கில் அது அடிமட்டம். ஏவுகம்பியை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 13 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் ஃபின்னுக்குக் காற்று பிடிபடும். கம்பியில் ராக்கெட் ஓடும் தூரம் 1.5 மீட்டர் என்றால் அந்த வேகத்துக்கு 46 நியூட்டன் வேண்டும். அதாவது ஆறரை மடங்குக்கு மேல். குறைந்த விசை மோட்டார்தான் கிடைக்கிறது என்றால் கம்பியின் நீளத்தைக் கூட்டுங்கள்.

மேசை

ராக்கெட் கட்டச் சமதளமான, வளையாத பரப்பு வேண்டும். மரமேசை எதுவுமே உண்மையில் சமதளம் இல்லை. நம் பக்கத்தில் இதற்கு வழி எளிது: கிருஷ்ணகிரியைச் சுற்றிப் பாலிஷ் பட்டறைகளில் கிரானைட் வெட்டுத்துண்டு கிடக்கும். இரண்டடிக்கு ஒன்றரை அடி, 18–20 மி.மீ. கனத்தில் ஒரே அளவுள்ள இரண்டு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று மேசை, இன்னொன்று அழுத்தும் கல். மேலே ஒரு பாலித்தீன் தாள் விரித்தால் பசை ஒட்டாது.

மற்றவை: ஒரு மீட்டர் அலுமினிய ஆங்கிள், மூலைமட்டம், ரசமட்டம், 120 முதல் 1000 வரை உப்புத்தாள், புது பிளேடு போட்ட கட்டர், மாஸ்கிங் டேப், ஐஸ்கிரீம் குச்சி, 1 கிராம் வரை காட்டும் தராசு.

பசையில் மூன்று வகை போதும். அட்டையோடு அட்டை, அட்டையோடு மரம் சேரும் இடமெல்லாம் வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை. அந்த ஒட்டு அட்டையைவிட வலுவானது. இழுத்தால் அட்டைதான் கிழியும். பிளைவுட், உலோகம், வெப்பம் படும் வால்முனை ஆகியவற்றுக்கு அரால்டைட் போன்ற எப்பாக்சி. ஃபெவிக்விக் வகை, முனை சிதைந்த அட்டையைக் கெட்டிப்படுத்த மட்டும். ஃபின்னை அதில் ஒட்டாதீர்கள். அது கெட்டியாக நிற்கும், ஆனால் தரையில் மோதும் அதிர்ச்சிக்குச் சட்டென்று விட்டுவிடும்.

தருமபுரியில் சித்திரை வெயிலில் எப்பாக்சி கலக்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். டப்பாவில் ஐந்து நிமிடம் என்று போட்டிருப்பது மிதமான வெப்பத்துக்கு. 38 டிகிரியில் அதில் பாதி நேரம்கூடக் கிடைக்காது. மொத்தமாகக் கலக்கினால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகும். ஒரு ஒட்டுக்கு வேண்டியதை மட்டும், ஒரு தட்டையான மூடியில் பரப்பிக் கலக்குங்கள். காலை வேளை நல்லது. ஓசூர், தளி பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

பாகங்களைச் சரிபார்த்தல்

எல்லாவற்றையும் பிரித்து ஒவ்வொன்றாக எடை போடுங்கள். ஃபின்கள் மூன்றுக்கும் எடை ஒன்றாக இருக்கிறதா? பால்சா என்றால் 2 கிராம் வித்தியாசம்கூட வரும். கனமானதைச் சற்றுத் தேய்த்துச் சமப்படுத்தலாம். குழாயைக் கிரானைட்டில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த குழாயை நிமிர்த்த முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அமெரிக்க கிட் என்றால் குறிப்பெல்லாம் அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்கி எல்லா அளவையும் முதல் நாளே தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். வேலை நடுவே பெருக்கினால் தப்பும்.

மோட்டார் மவுன்ட்

29 மி.மீ. குழாயின் மேல், அதை உடல் குழாயின் நடுவில் நிறுத்தும் வளையமான சென்டரிங் ரிங் இரண்டு அல்லது மூன்று வரும். முதலில் பசை இல்லாமல் எல்லாவற்றையும் கோர்த்துப் பாருங்கள். ரிங் இறுக்கமாக இருந்தால் உள்விளிம்பை 220 உப்புத்தாளால் தேயுங்கள், அடித்து ஏற்றாதீர்கள். குழாய் நசுங்கினால் மோட்டார் உள்ளே போகாது.

முன் ரிங்கை ஒட்டும் முன், ஷாக் கார்டுக்கு (உடலையும் மூக்கையும் இணைக்கும் கயிறு) ரிங்கின் விளிம்பில் 3 மி.மீ. வெட்டு கொடுங்கள். அதன் முதல் பகுதியான, வெப்பம் தாங்கும் கெவ்லார் கயிற்றை மோட்டார் குழாயைச் சுற்றி ரிங்குக்குப் பின்னால் முடிச்சிட்டு, வெட்டு வழியே முன்னுக்கு எடுத்து, முடிச்சின் மேல் எப்பாக்சி தடவுங்கள். கிட்டில் வரும் மடித்த காகித ஆங்கரை உடல் குழாயின் உள்சுவரில் ஒட்டும் முறை இந்த எடைக்குப் போதாது. அது பிய்ந்தால் மூக்கு பாராசூட்டோடு ஒரு பக்கம், உடல் கல்லைப் போல இன்னொரு பக்கம்.

முன் ரிங்கையும் நடு ரிங்கையும் இப்போதே ஒட்டுங்கள். பின் ரிங்கை ஒட்டாதீர்கள். பெரும்பாலான கிட்டின் படக்குறிப்பு மூன்றையும் சேர்த்து ஒட்டச் சொல்லும். அதைக் கேட்டால் ஃபின்னின் அடிப்பகுதிக்கு உள்ளே பசை போடும் வழி அடைபட்டுப் போகும். பின் ரிங்கை அளவுக்காக மட்டும் வைத்து, வெளிப்பக்கம் ஒரு டேப் துண்டைக் கைப்பிடிபோல ஒட்டிக்கொண்டால் பிறகு இழுத்தெடுக்கலாம்.

மவுன்டை உடல் குழாய்க்குள் தள்ளுவதுதான் இந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டிய வேலை. வெள்ளைப் பசையின் ஈரத்தை அட்டை உறிஞ்சி உப்புவதால், ரிங் பாதி வழியில் நின்றால் சில வினாடியில் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பிறகு நகர்த்த முடியாது. எப்பாக்சி பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை. ரிங் வந்து நிற்கும் இடத்தை வெளியே பென்சிலால் குறித்து, நீண்ட குச்சியால் உள்ளே அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வளையமாகப் பசை தடவி, ஒரே மூச்சில் தள்ளுங்கள். ஷாக் கார்டைச் சுருட்டி மோட்டார் குழாய்க்குள் திணித்து வைத்திருந்தால் பசையில் மாட்டாது.

ஃபின்

குழாயில் கோடு போடுவதிலிருந்து தொடங்குங்கள். 66 மி.மீ. குழாயின் சுற்றளவு 207 மி.மீ. சொச்சம், மூன்று ஃபின்னுக்கு 69 மி.மீ. இடைவெளி, நான்குக்கு 52. அளவுகோலை நம்புவதைவிட, ஒரு காகிதப் பட்டையைக் குழாயில் சுற்றிச் சேரும் இடத்தில் வெட்டி, அதைச் சரியாக மூன்றாகவோ நான்காகவோ மடித்துக் குறிப்பது துல்லியம். குறிகளிலிருந்து நீளவாக்கில் கோடு இழுக்க அலுமினிய ஆங்கிளைக் குழாய் மேல் கவிழ்த்து வையுங்கள்; அதன் விளிம்பு தானாகவே குழாயின் அச்சுக்கு இணையாக உட்காரும்.

கிட்டின் குழாயில் ஃபின் நுழையப் பள்ளம் ஏற்கெனவே வெட்டியிருந்தாலும் கோடு போட்டுச் சரிபாருங்கள். பள்ளம் கோணலாக வெட்டப்பட்டு வரும் குழாய்களும் உண்டு. அப்படியானால் பள்ளத்தை ஒரு பக்கம் அரை மி.மீ. அகலப்படுத்தி, ஃபின்னைக் கோட்டுக்கு ஒட்டி, இடைவெளியைப் பசையால் நிரப்புங்கள்.

பால்சா ஃபின் என்றால் மர ரேகை ஃபின்னின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். ரேகை குழாய்க்கு இணையாக இருக்கும் ஃபின் முதல் இறக்கத்திலேயே ஒடியும். அதன்பின் காகிதம் போர்த்துவது. 80 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளை ஃபின்னைவிட ஒரு செ.மீ. பெரிதாக வெட்டி, ஃபின்னில் வெள்ளைப் பசையை ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து மெல்லிய படலமாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் இன்று, மறு பக்கம் நாளை என்றால் ஈரம் ஒரு பக்கம் இழுத்து ஃபின் வளைந்துவிடும். பாலித்தீன் தாள்களுக்கு நடுவே வைத்து இரண்டு கிரானைட்டுக்கும் இடையில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் ரேகை தெரியாத, வழுவழுப்பான, முன்பைவிட மிகவும் கெட்டியான ஃபின் கிடைக்கும். நிரப்பியைப் பூசித் தேய்க்கும் வேலையில் பாதி இதிலேயே மிச்சம்.

3 மி.மீ. பிளைவுட் ஃபின்னுக்குப் போர்த்த வேண்டியதில்லை. முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பைச் சரிவாகவும் தேய்த்தால் போதும். எந்த மரமானாலும் குழாயில் ஒட்டும் விளிம்பைத் தொடாதீர்கள். அது சதுரமாகவே இருக்க வேண்டும்.

ஒட்டும்போது இரட்டைப் பசை முறை: ஃபின்னின் விளிம்பிலும் குழாயின் கோட்டிலும் மெல்லியதாகத் தடவி முழுதும் காயவிட்டு, பிறகு ஃபின்னில் மட்டும் மறுபடி தடவி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துக்கொள்ளும். நேராக நிற்க வைக்க ஒரு வழிகாட்டி அட்டை வேண்டும். கெட்டி ஃபோம் போர்டிலோ 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையிலோ நடுவில் 66 மி.மீ. வட்டமும் ஃபின் கனத்துக்கு வெளிநோக்கிய பிளவுகளும் வெட்டிக்கொள்ளுங்கள். ஓசூரில் லேசர் கட்டிங் கடைகளில் வரைபடம் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். குழாயை அதற்குள் நிறுத்தி ஃபின்களைப் பிளவில் செருகிவிட்டால் கோணம் தப்பாது.

காய்ந்ததும் பின் ரிங்கை டேப்பைப் பிடித்து வெளியே எடுங்கள். வால் வழியாகப் பார்த்தால் ஃபின்னின் நாக்கு, அதாவது பள்ளத்தின் வழியே உள்ளே நுழையும் பகுதி, மோட்டார் குழாயைத் தொடும் இடம் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் நீண்ட குச்சியால் மெல்லிய எப்பாக்சி வரி. ராக்கெட்டைப் படுக்கவைத்து, ஒரு ஃபின்னின் பக்கம் இறுகிய பிறகே அடுத்ததற்குத் திருப்புங்கள். முழு வேலைக்கும் 8–10 கிராம் போதும். தராசைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் "வலுவாக இருக்கட்டும்" என்று 30, 40 கிராம் ஊற்றிவிடுவார்கள். பிறகு பின் ரிங்கை ஒட்டி, திருகு மூடியுள்ள மோட்டார் பிடிப்பானை எப்பாக்சியில் பொருத்துங்கள். ஒரு சொட்டு வழிந்து திருகில் போனாலும் மூடி திறக்காது. திருகில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு ஒட்டுங்கள்.

ஃபின்னும் குழாயும் சேரும் வெளி மூலைப் பூச்சு இரண்டு தடவை. மாஸ்கிங் டேப்பை இரு பக்கமும் 5 மி.மீ. தள்ளி ஒட்டி, பசையை வரியாக விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்து, பசை இறுகும் முன்பே டேப்பை உரியுங்கள். வெள்ளைப் பசை காயும்போது சுருங்குவதால் ஊசித்துளை விழும். இரண்டாவது பூச்சு அதை மூடிவிடும்.

ஏவுகம்பிக்கு 6 மி.மீ. லக் (கம்பி நுழையும் சிறு குழாய்) என்றால் இரண்டு துண்டு, இரண்டு ஃபின்னுக்கு நடுவிலுள்ள கோட்டில். ஒன்று வாலருகே, மற்றது ஈர்ப்பு மையத்துக்கு அருகே. கம்பியை இரண்டுக்குள்ளும் செருகியபடியே ஒட்டினால்தான் நேர்க்கோட்டில் இருக்கும். ரெயில் பட்டன் (கம்பிக்குப் பதில் பள்ளமுள்ள ரெயிலில் ஓடும் பொத்தான்) என்றால் பின்னது பின் ரிங்கின் மரத்தில் திருகாணியாக ஏற வேண்டும். வெறும் அட்டையில் திருகினால் பிடுங்கிக்கொள்ளும். நீங்கள் போகும் களத்தின் ரெயில் பள்ளத்துக்குப் பட்டன் பொருந்துமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மூக்கும் பாராசூட்டும்

பிளாஸ்டிக் மூக்கின் அச்சுக்கோட்டைக் கட்டரின் முதுகால் சுரண்டி, 220, 320 போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் பூசிய எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் தோலாக உரியும். உள்ளே எடை வைப்பதாக இருந்தால், பாலிஎத்திலீன் மூக்கில் எப்பாக்சி ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். சைக்கிள் பால்ஸை எப்பாக்சியோடு முனையில் ஊற்றி, அது இறுகும் முன் வெளியிலிருந்து இரண்டு சிறு துளையிட்டுப் பல்குச்சியைக் குறுக்கே செருகுங்கள். இறுகிய பின் வெளியே நீட்டுவதை வெட்டித் தேய்த்துவிடலாம். எவ்வளவு எடை என்பது பெயின்டுக்குப் பிறகே முடிவாகும். அதுவரை களிமண்ணை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பாராசூட் அளவில் கிட்டை அப்படியே நம்பாதீர்கள். 600 கிராமுக்கு 60 செ.மீ. பாராசூட் என்றால் இறங்கு வேகம் வினாடிக்கு 7 மீட்டர். புல்வெளிக்கு அது சரி. நம் ஊர்த் தரை செம்மண்ணும் பாறையும். 75 செ.மீ. என்றால் 5.7, 90 செ.மீ. என்றால் 4.7 மீட்டர். 90 செ.மீ. நைலான் பாராசூட்டைத்தான் பரிந்துரைக்கிறோம். பெரிதாக்கினால் காற்று அடித்துக்கொண்டு போகும் என்ற பயம் நியாயமானது: 200 மீட்டர் உயரத்திலிருந்து 43 வினாடி இறங்கும், வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் 170 மீட்டர் தள்ளிப் போகும். அந்த இடம் களத்தில் இருந்தால் கவலையில்லை. நடுவில் 9 செ.மீ. துளை போட்டால் ஊசலாட்டம் குறையும். பரப்பில் ஒரு சதவீதம்தான் போகும். கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தூண்டில் கடையில் கிடைக்கும் ஸ்விவல் ஒன்று கோர்த்துவிடுங்கள்.

ஷாக் கார்டின் மொத்த நீளம் ராக்கெட்டைப் போல் மூன்று மடங்கு, சுமார் 3.3 மீட்டர். கெவ்லார் பகுதி குழாய் வாயைத் தாண்டி வெளியே வரக்கூடாது, 5 செ.மீ. உள்ளேயே முடிந்து, அங்கிருந்து அகலமான எலாஸ்டிக் தொடங்க வேண்டும். ராக்கெட் வேகமாகப் போகும்போது பாராசூட் விரிந்தால் மெல்லிய கெவ்லார் அட்டைக் குழாயைக் கத்தியாக அறுத்துக்கொண்டு இறங்கும்.

பெயின்டுக்கு முன் சமநிலை

மோட்டார், பாராசூட் எல்லாம் உள்ளே இருக்கும் நிலையில்தான் ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும். மோட்டார் கையில் இருக்காது என்பதால், தாளைச் சுருட்டி 29 மி.மீ. உருளை செய்து, அந்த மோட்டாரின் எடைக்கு மணல் நிரப்பிச் செருகுங்கள். ராக்கெட்டை ஒரு நூல் வளையத்தில் தொங்கவிட்டுச் சமமாக நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அழுத்த மையம், அதாவது காற்றின் விசை மொத்தமும் செயல்படும் புள்ளி, எங்கே என்பதைக் கிட்டின் தாள் சொல்லும். இல்லையென்றால் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் கணக்கிட்டுத் தரும்.

ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம், அதாவது 66 மி.மீ., இருக்க வேண்டும். இரண்டு விட்டம் வரை நல்லது. அதற்கு மேல் போனால் ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிச் சாய்ந்து ஓடும். பெயின்டுக்கு முன் ஒன்றரை விட்டம் கிடைத்தால் நிம்மதி, ஏனென்றால் பெயின்டில் 50 கிராம் எளிதாக ஏறிவிடும், ஃபின் பக்கம் பரப்பு கூடுதல் என்பதால் அதில் பெரும்பங்கு வாலில்தான் சேரும்.

பூச்சு

குழாயில் சுருள் சுருளாக ஓடும் பள்ளத்தை நிரப்பாமல் அடித்த எந்த பெயின்டும் அட்டைக் குழாயாகவே தெரியும். மர நிரப்பியில் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து, பழைய ஏடிஎம் கார்டால் பள்ளத்தில் மட்டும் வழித்து, காய்ந்ததும் 220-ல் தேயுங்கள். அட்டையின் மேல்தோல் பஞ்சாகக் கிளம்பினால் அதற்குமேல் தேய்க்காதீர்கள். ஒரு கை சாண்டிங் சீலர் அடித்துக் காய்ந்தபின் 320-ல் தொடருங்கள்.

பிறகு பிரைமர். இரண்டு மெல்லிய கை, ஒவ்வொன்றுக்குப் பிறகும் 400. முதல் கை பிரைமரில் பெரும்பகுதி உப்புத்தாளோடு திரும்பிப் போக வேண்டும். பள்ளத்தில் நிற்பது மட்டும்தான் நமக்குத் தேவை. தேய்க்காமல் அடுக்கிக்கொண்டே போனால் வழவழப்பும் வராது, எடையும் ஏறும்.

ஸ்பிரே கேனை 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ராக்கெட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விடுங்கள். மூன்று மெல்லிய கை. முதல் கையில் அடி தெரியும், தெரியட்டும். ஒரே கையில் மூட நினைத்தால் ஃபின் மூலையில் வழியும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிக்காலக் காலையில் அடித்தால் ஈரம் சிக்கிப் பூச்சு வெண்மேகமாக மங்கும். பத்து மணிக்கு மேல் அடியுங்கள். தருமபுரி மதிய வெயிலிலோ துளிகள் ராக்கெட்டை அடையும் முன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாகும். கிரானைட் பட்டறைக்குப் பக்கத்து வீடு என்றால் வாசலில் அடிக்கவே வேண்டாம்.

சுருக்கம் விழுவதுதான் மிகப் பெரிய மனவருத்தம். இரண்டு காரணம். எனாமல் மேல் லேக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சை அது கரைத்துச் சுருட்டும். ஆகவே பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வகை. இன்னொன்று, பாதி காய்ந்த நேரத்தில் மறு கை அடிப்பது. கேனில் "ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரம் கழித்து" என்பதுபோல் எழுதியிருந்தால் இடைப்பட்ட நேரத்தில் கேனைத் தொடவே கூடாது. சுருங்கிவிட்டால் ஒரு வாரம் காயவிட்டு, 320-ல் தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடி பிரைமரிலிருந்து வர வேண்டும். குறுக்குவழி கிடையாது.

நிறத்துக்கும் ஊருக்கும் தொடர்பு உண்டு. சிவப்பும் ஆரஞ்சும் படத்தில் அழகு. செம்மண் காட்டில் விழுந்தால் கண்ணில் படாது. பச்சை மாந்தோப்பில் தொலையும். வெள்ளை உடலில் ஒரு கறுப்புப் பட்டையும் ஒளிரும் மஞ்சள் ஃபின்னும் வானத்திலும் தரையிலும் தெரியும். முழுக் கறுப்பு வேண்டாம். வெயிலில் நிற்கும்போது பிளாஸ்டிக் மூக்கு இளகும்.

இரண்டு நிறம் சேரும் கோட்டில் டேப்பை ஒட்டியபின், முதலில் அடியிலிருக்கும் நிறத்தையே ஒரு மெல்லிய கை அடியுங்கள். டேப்புக்கு அடியில் கசிந்தால் அந்த நிறமே கசிந்து விளிம்பை அடைத்துவிடும். பிறகு புது நிறம் அடித்தால் கத்தி வெட்டியது போல் கோடு வரும். பெயருக்கும் எண்ணுக்கும் நம்பர் பிளேட் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் கடையே போதும், தமிழ் எழுத்தில் வேண்டிய அளவில் வெட்டித் தருவார்கள். ஒட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஸ்டிக்கரை நகர்த்திச் சரிசெய்ய முடியும். கிளியர் அடிக்கும் முன் ஒரு குழாய்த் துண்டில் இதே அடுக்குகளைப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

காய்ந்ததும் ஈர்ப்பு மையத்தை மறுபடி பாருங்கள். மூக்கு எடையை இப்போதுதான் நிலையாக ஒட்ட வேண்டும்.

களம்

தை, மாசி மாதக் காலை ஏழு முதல் ஒன்பது மணி இங்கே நல்ல நேரம். ஆடிக் காற்றில் யோசிக்கவே வேண்டாம். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்றிருந்தால் ஏவக்கூடாது என்பது பரவலான பாதுகாப்பு விதி. இந்த அளவு ராக்கெட்டுக்கு 15-க்கு மேலேயே நாங்கள் நிறுத்திக்கொள்வோம்.

எஃப், ஜி மோட்டாருக்கு ஒரு பக்கம் 300 மீட்டராவது திறந்த இடம் வேண்டும். கேழ்வரகோ நிலக்கடலையோ அறுத்த தரிசு பொருத்தமானது. உயரழுத்த மின்கம்பி, நெடுஞ்சாலை, வைக்கோல் போர் பக்கத்தில் இருக்கக்கூடாது. கம்பியில் தொங்கும் ராக்கெட் போனதுதான். யாரும் குச்சி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கத்துக் காப்புக்காட்டு ஓரம் யானை நடமாடும் இடம், அங்கே வேண்டாம். ஓசூரில் பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தின் சுற்றுவட்டாரமும் வேண்டாம். இன்னொன்று: நம் மாவட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஏராளம். வானத்தைப் பார்த்துக்கொண்டே பாராசூட்டின் பின்னால் ஓடும் பையன்களுக்கு ராக்கெட்டைவிட அதுதான் ஆபத்து. முன்பே நடந்து பார்த்துக் கிணறுகளுக்குக் கொடி நடுங்கள். எடுத்து வர ஒரு பெரியவரை மட்டும் அனுப்புங்கள். நில உரிமையாளரின் சம்மதத்தோடு, காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுவது குழுவின் பொறுப்பு.

ஏவுகம்பியைச் சுற்றி மூன்று மீட்டர் புல்லைச் செதுக்கிவிடுங்கள். மருந்தடிக்கும் முதுகு டேங்க் ஒன்றில் சுத்தத் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள், தீயணைக்க அதைவிடச் சிறந்த கருவி காட்டில் இல்லை. நெருப்பைத் திருப்ப ராக்கெட்டின் அடியில் இரும்புத் தகடுதான் போட வேண்டும். வீட்டில் கிடக்கும் கிரானைட்டைப் போடாதீர்கள்: திடீர்ச் சூட்டில் அதன் மேல்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பட்டறைகளில் தரைக்கல்லுக்குச் சொரசொரப்பு ஏற்றுவதே இந்தக் குணத்தை வைத்துத்தான்.

தயார்ப்படுத்தும் வரிசை: முதலில் தீப்பிடிக்காத வாடிங் (பாராசூட் கருகாமல் காக்கும் அடைப்பு), 10–13 செ.மீ. உயரத்துக்குத் தளர்வாக. செய்தித்தாளோ பஞ்சோ டிஷ்யூவோ கூடாது, கங்காகக் கீழே விழும். அதன்மேல் ஷாக் கார்டு, பிறகு முகப்பவுடர் தூவி மடித்த பாராசூட், கடைசியாக மூக்கு. ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டினால் மூக்கு விழக்கூடாது. கையால் இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். மழைக்கால ஈரத்தில் அட்டை உப்பி மூக்கு இறுகும் என்பதால் இந்தச் சோதனையைக் களத்தில்தான் செய்ய வேண்டும். மூக்கு கழலாவிட்டால் ராக்கெட் அம்பாக மண்ணில் இறங்கும். மோட்டாரும் பற்றவைப்பானும் ஏவுகம்பியில் ஏற்றும் நேரத்தில்தான்.

பற்றவைப்பது எப்போதும் 12 வோல்ட் பேட்டரியில், சாவி போட்ட சுவிட்ச் வழியாக, ஒன்பது மீட்டருக்கு அப்பால் நின்று. திரி வைத்துக் கொளுத்துவது கிடையாது. கம்பியின் சாய்வு நேர்மேலிலிருந்து 30 டிகிரிக்குள். பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு ஒரு முழு நிமிடம் காத்திருந்து பிறகே கிட்டே போங்கள். பெரும்பாலும் கிளிப் இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கும், அல்லது பற்றவைப்பான் மோட்டாருக்குள் முழுதும் ஏறியிருக்காது.

இறங்கிய பிறகு

மோட்டார் உறையை அன்றே கழற்றுங்கள்; விட்டால் கரி இறுகிப் பிடிப்பானோடு ஒட்டிக்கொள்ளும். ஃபின் மூலைகளில் நகத்தால் தட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் பெயின்டைச் சுரண்டி மெல்லிய எப்பாக்சி விடுங்கள். ஷாக் கார்டின் எலாஸ்டிக்கில் கருகிய இடம் இருந்தால் ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றிவிடுங்கள். குழாய் வாய் கிழிந்திருந்தால் கிழிசலுக்குக் கீழே நேராக வெட்டி, கப்ளர் (உள்ளே பொருந்தும் இணைப்புக் குழாய்) வைத்து அதே அளவு புதுத் துண்டைச் சேர்க்கலாம். சேர்த்தபின் எடையும் சமநிலையும் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த ஏவுதல் வரை பாராசூட்டை மடித்து உள்ளே வைக்காதீர்கள், மடிப்பிலேயே படிந்து மேலே விரியாமல் போகும். வெளியே தொங்கவிட்டு, ராக்கெட்டைத் தகரக் கூரைக்கு அடியில் இல்லாமல், சுவரோரம் நிறுத்தி வையுங்கள்.